அரைப் பேர் போட்ட இடிக் கங்காணி

பத்து மாதக் குழந்தை பாலைத் துப்பினால் அதற்கு அரைப் பேர் போடலாமா? இரண்டு வருஷமாக யோசிக்கிறேன். இன்னும் விடை தெரியவில்லை.

தேயிலைத் தோட்டத்தில் நாள் முழுக்க வேலை செய்தவருக்கு முழுப் பேர், முழுக் கூலி; மத்தியானத்தோடு திரும்பியவருக்கு அரைப் பேர், பாதிக் கூலி. இது பெரியவர்களுக்கான ஏற்பாடு. இதை என் மகள் எஸ்தருக்கும் பொருத்திப் பார்த்த மனிதர் ஒருவர் இருந்தார். வண்டிப்பெரியார் மலைகளில் அவரைப் போலச் சத்தம் போடக்கூடிய பிறவி முன்பும் இருந்ததில்லை, இனியும் வரப்போவதில்லை. அவர் ரகசியம் பேசினால் பக்கத்துத் தோட்டத்தில் பதில் சொல்வார்கள். தும்மினால் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் படுத்திருக்கும் நாய்கள் எழுந்து நிற்கும். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. இடிக் கங்காணி என்றால் எல்லோருக்கும் தெரியும்.

நான் பாளையங்கோட்டையில் படித்துப் பரீட்சை தேறி, கலியாணமாகி இந்த மலைக்கு வந்தவள். என் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் கிளார்க்கு. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் வந்த புதிதில் இடிக் கங்காணி நூற்றுப்பத்துப் பேருக்கு அதிகாரி. கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, கக்கத்தில் குடை, கையில் கம்பு. காலையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குத் தோட்டத்தில் ‘பெரட்டு’ என்று பெயர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நூற்றுப்பத்துப் பெயரையும் மூச்சு விடாமல் மனப்பாடமாகச் சொல்வார். கூடவே யார் நேற்று இருமினார்கள், யார் வீட்டில் சண்டை என்பதும் வரும்.

அந்த ராஜ்யத்தைக் கவிழ்த்தவள் செல்லக்கனி. பதினெட்டு வயசு, கொழுந்து பறிப்பவள், என் பள்ளிக்கூடத்தில் வயசு கடந்து சேர்ந்து மூன்றாம் வகுப்புவரை படித்தவள். ஒருநாள் பெரட்டில் கங்காணி கம்பை அவள் பக்கம் நீட்டினார்.

“ஏட்டி, வரிசையில நில்லு!”

“கம்பைக் கீழ போட்டுட்டுச் சொல்லும். நிக்கேன்.”

அவளுக்குப் பின்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கூடையைத் தரையில் வைத்தார்கள். நாற்பது வருஷத்தில் இப்படி ஒரு பதிலை அவர் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் அவருக்கு முதல்முறையாகத் தொண்டை கட்டியது.

மானேஜர் துரைக்கு இது வசதியாகப் போயிற்று. அவர் கையில் ஏற்கெனவே ஓர் இளம் சூப்பர்வைசர் இருந்தான். அரைக்கால் சட்டை போட்டு, இங்கிலீஷில் பெயர் எழுதுகிறவன். நூற்றுப்பத்துப் பெயரைத் தலையில் சுமந்தவருக்கு வேலை போயிற்று. காதில் பென்சில் செருகியவனுக்கு வந்தது. செல்லக்கனிக்கு வாய் கொடுத்தது ஆண்டவரா, என் மூன்றாம் வகுப்பா என்று அன்று முழுவதும் எனக்குக் கவலை.

அந்தச் சமயம் பிள்ளைக் கொட்டகை ஆயா வேலையை விட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டாள். வேலைக்குப் போகும் தாய்மார்கள் பகலில் குழந்தைகளை விட்டுப் போகும் கொட்டகை அது. துரை பாதி விளையாட்டாக இடிக் கங்காணியை அங்கே போகச் சொன்னார். கோபித்துக்கொண்டு மலையிறங்கி விடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் கேட்டது ஒரே கேள்வி.

“எத்தனை பேரு?”

“இருபத்து மூணு.”

“சின்னக் கூட்டந்தான். பழக்கிப்பிடலாம்.”

இருபத்து நாலாவதாக எஸ்தரை நான் கொண்டுபோய் விட்டேன். வேறு வழி இல்லை. அங்கே விடாவிட்டால் பள்ளிக்கூடத்தை விட வேண்டும். “பிள்ளையைப் பார்ப்பதைவிட வேலை பெரிதோ?” என்று ஊரிலிருந்து மாமியார் வாரம் தவறாமல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். வேலையில் இருந்தால் மாமியாரைப் பற்றிக் கவலை, கொட்டகையில் விட்டால் எஸ்தரைப் பற்றிக் கவலை. இரண்டையும் முறை போட்டுச் செய்தேன்.

முதல்நாள் காலையிலேயே கொட்டகை வாசலில் பெரட்டு.

“சொர்ணம் மவன்!”

குழந்தைக்குப் பதிலாகத் தாய் குரல் கொடுக்க வேண்டும். “வந்திருக்கு, கங்காணி!”

“மூக்கத் தொடச்சிக் கூட்டியா. இல்லாட்டித் திரும்பிப் போ!”

பாலைக் குடித்து, தூங்கி, அடுத்த பிள்ளையைக் கடிக்காமல் இருந்தால் முழுப் பேர். துப்பினால், கடித்தால், மத்தியானத்துக்குப் பிறகும் அழுதால் அரைப் பேர். தீர்ப்பைத் தாய்மார் காதில் மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தத் தொண்டைக்கு அதெல்லாம் தெரியாது.

“டீச்சரம்மா மவளுக்கு இன்னிக்கு அரைப் பேரு! பாலைத் துப்பிட்டா!”

மலைச்சரிவு முழுவதும் கேட்டது. என் வகுப்புப் பிள்ளைகள் சிலேட்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்கள். படித்த காலத்தில் நான் எப்போதும் முதல், இரண்டாவதாகக்கூட வந்ததில்லை. என் மகளுக்கு அரைப் பேர்! மறுநாளிலிருந்து விடியற்காலையில் எஸ்தரை மடியில் வைத்து, துப்பாமல் பால் குடிக்கப் பயிற்சி கொடுத்தேன். “பத்து மாசப் பிள்ளைக்கு டியூஷனா?” என்று என் கணவர் கேட்டார். எஸ்தர் அவர் சட்டையில் துப்பினாள்.

கொழுந்துக் கூடையோடு திரும்பும் பெண்களுக்கு அந்தச் சாயங்காலங்கள் திருவிழா. நாற்பது வருஷக் கணக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்தார்கள். ஒருநாள் மழையில் நாங்கள் போனபோது கங்காணி தரையில் மல்லாந்து கிடந்தார். கறுப்புக் கோட்டு மூன்று குழந்தைகளுக்குப் போர்வை. தலைப்பாகைமேல் ஒருவன் உட்கார்ந்திருந்தான், அதுவும் நனைந்திருந்தது. வயிற்றில் இரண்டு பேர் குதித்துக்கொண்டிருந்தார்கள். பழைய கம்பைக் குறுக்கே கட்டி, ஈரக் கோவணத் துணிகளைக் காயப்போட்டிருந்தார்.

செல்லக்கனி கூடையை இறக்கிவிட்டு இடுப்பில் கை வைத்தாள். அவளுக்குக் கலியாணம் ஆகவில்லை. அக்காள் மகனைக் கூட்டிப்போக வந்தவள்.

“என்ன கங்காணி, எங்களை மலையேத்துனீரு. இப்பப் பிள்ளைக உம்ம மேல ஏறுதா?”

“ஏறட்டுமே. உன்னைய மாதிரிப் பாதி மலையில நின்னு வெத்தல போடல அதுக.”

“கம்புல என்ன தொங்குது?”

“உன் அக்கா மவன் கோவணம். மரியாதையாப் பேசு, முழுப் பேர்க்காரன்.”

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கூடை சாய்ந்தது.

ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு தோட்டங்களுக்குப் புது டாக்டர் வந்தார், கோட்டயத்துக்காரர், இளைஞர். கொட்டகையைப் பார்க்க வந்தவரை மகிழ்விக்க இடிக் கங்காணி தன்னால் முடிந்த பெரிய மரியாதையைச் செய்தார். இருபத்து நாலு பேரையும் பெரட்டில் நிறுத்தினார். சிலர் நின்றார்கள், சிலர் உட்கார்ந்தார்கள், ஒருவன் படுத்துக்கொண்டே ஆஜரானான். கங்காணி ஓர் அதட்டல் போட்டதும் அத்தனை பேரும் வாயை மூடினார்கள். டாக்டரும் மூடினார். வாய் திறந்ததும், “இது என்தா, பட்டாளமோ?” என்றார்.

பயிற்சி பெற்ற நர்ஸ் வேண்டும் என்று அவர் துரையிடம் சொன்னார். துரை என்னைக் கூப்பிட்டனுப்பினார். “நீங்கள் படித்தவர், தாயும்கூட. கங்காணி இருக்கலாமா, கூடாதா என்று எழுதிக் கொடுங்கள்.”

மூன்று தடவை எழுதினேன். முதலில் நல்லதாகவே எழுதினேன். பொய் போலத் தோன்றியது, கிழித்தேன். அடுத்து குறைகளாக எழுதினேன். பாவம் போலத் தோன்றியது, அதையும் கிழித்தேன். மூன்றாவதில் உள்ளது உள்ளபடி எழுதினேன். வேளை தவறாமல் பால் கொடுக்கிறார். மழைக்காலத்தில் நாற்பத்தெட்டுக் கால்களிலும் அட்டை தேடி எடுக்கிறார். ஒருநாளும் கை ஓங்கியதில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் படித்தவள் என்று சொல்லிவிட்டாரே! ‘கைக்குழந்தைகளுக்கு அரைப் பேர் போடும் முறை, நான் வாசித்த எந்தக் குழந்தை வளர்ப்புப் புத்தகத்திலும் காணப்படவில்லை’ என்று கடைசியில் சேர்த்தேன்.

துரை அந்த வரியை மட்டும் வாசித்தார். விழுந்து விழுந்து சிரித்தார். நர்ஸ் வர உத்தரவு போட்டார்.

மலையிறங்கும் அன்று கங்காணி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கோட்டில் பால் கறை. பையில் குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையின் மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

“நீங்கதான் எழுதினீங்களாமே டீச்சரம்மா?”

“ஆமாங்க ஐயா.”

“அடிச்சேன்னு எழுதினீங்களா?”

“ஒருநாளும் அடிக்கலைன்னு எழுதினேன்.”

“அது போதும்.” பாலாடையைப் பைக்குள் தள்ளினார். “நர்ஸம்மா ரொம்ப மெதுவாப் பேசுதாம். பாத்துக்கோங்க, பிள்ளைகளுக்குக் காது மந்தமாயிரும்.”

நர்ஸ் மிக நல்ல பெண். வாரம் ஒருமுறை குழந்தைகளை நிறுத்துப் பார்க்கிறார். எல்லோருக்கும் எடை கூடியிருக்கிறது. டாக்டர் சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொள்கிறேன். செல்லக்கனிகூட ஒப்புக்கொள்கிறாள். “ஆனா டீச்சர், சாயங்காலம் திட்டுறதுக்கு ஒரு ஆளு இல்ல பாருங்க” என்று மட்டும் சொல்கிறாள்.

போன வாரம் மலையடிவாரத்துக் கம்பம் ஊரிலிருந்து கடிதம் வந்தது. கங்காணியின் மகன் அங்கே பஸ் ஓட்டுகிறார். “அப்பாவிடம் வேலை செய்ய வேண்டாம், சும்மா இருங்கள் என்கிறோம். ஐந்து மணிக்கு எழுந்து தெருவில் உள்ளவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். தெருவே புகார் சொல்கிறது. இப்போது இரண்டு நாளாகக் கூப்பிடுவதில்லை, சாப்பிடுவதும் இல்லை. ஏதாவது வேலை இருந்தால் எழுதுங்கள்” என்று கேட்டிருக்கிறார்.

எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லி எழுதலாம் என்று நினைக்கிறேன். ஆனால் இரக்கப்பட்டுக் கூப்பிடுவதாகத் தெரிந்தால் அவர் வரமாட்டார். வேலை என்று சொல்ல வேண்டும். வீட்டில் இருப்பது எஸ்தர் ஒருத்தி. ஆனி மாதத்தில் இன்னொன்றும் வந்து சேரும். நூற்றுப்பத்துப் பேரை மேய்த்தவரை இரண்டு பேருக்குக் கங்காணியாக வாருங்கள் என்று கூப்பிடுவது மரியாதையாகுமா? நர்ஸ் மனம் வருந்துவாரோ? மாமியார் என்ன எழுதுவார்கள்? கங்காணி வந்தால் தொழிற்சாலையில் படுத்துக்கொள்வதாக என் கணவர் இப்போதே சொல்கிறார்.

அந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரிந்த வாசகர்கள் தயவுசெய்து சீக்கிரம் எழுதுங்கள். காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு நான் வாங்கி வைத்துவிட்டேன்.