தும்மல் புத்தகமும் என் தொண்டையும்

மனைவியிடம் ஒரு பொய் சொல்லி ஜெயித்தே தீருவது என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடிவெடுத்தேன். சாதாரணப் பொய் இல்லை. வாயைத் திறந்து சொன்னால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் வாயைத் திறக்காமலே சொல்லும் பொய்.

என் குரல் போய்விட்டது. அவ்வளவுதான் பொய்.

இதிலுள்ள தியாகம் உங்களுக்குப் புரிய வேண்டுமானால் என் உத்தியோகம் தெரிய வேண்டும். நான் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளன். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று நான் ஆரம்பித்தால், தூங்குகிறவன் எழுந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு வண்டியே இல்லாத தண்டவாளத்தைப் பார்த்து ஓடுவான். அப்பேர்ப்பட்ட குரல். வீட்டில் மட்டும் அதற்கு மதிப்பில்லை. "உங்ககிட்ட இருக்கிற அறிவிப்புல பாதி அறிவு இருந்திருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன்" என்பாள் என் மனைவி. அவள் மருந்துக் கடையில் மருந்தாளர். யாருக்கு எதை எந்த அளவில் கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை எனக்குக் கொடுத்தது இது:

"ஏங்க, வர்ற ஞாயித்துக்கிழமை நூலகத்துல நீங்க கதை படிக்கிறீங்க."

"யாருக்கு?"

"கைக்குழந்தைங்களுக்கு. தத்தக்கா பித்தக்கான்னு நடக்கிறதுங்களுக்கு. தும்மல் புத்தகம்."

குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்தேன்.

தும்மல் புத்தகம் உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். காட்டில் ராத்திரி யாரோ தும்மிவிடுவார்கள். தூக்கம் கெட்ட ஆந்தை ஒவ்வொரு மிருகமாகப் போய், "தும்மினது நீயா?" என்று கேட்கும். பசு, "நான் இல்லை" என்னும். தவளை, "நான் இல்லை" என்னும். கடைசிப் பக்கத்தில் ஒரு எறும்பு. நான் சின்ன வயதில் கடித்த புத்தகம். என் மகளும் கடித்துக்கொண்டிருந்தாள். அட்டையின் நான்கு மூலைகளும் மழுங்கி, புத்தகம் தட்டு மாதிரி ஆகிவிட்டது.

நூலகத்துக்கு எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் பேரனைத் தூக்கிக்கொண்டு வருவார். அவர் முன்னால் தவளையாகக் கத்திவிட்டு மறுநாள் எந்த மூஞ்சியோடு வேலைக்குப் போவது? இது நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணம்.

உண்மைக் காரணம் வேறு. என் மகளுக்கு ரெண்டு வயது ஆகப் போகிறது. கன்னத்தைப் பார்த்து நாங்கள் வைத்த பெயர் தக்காளி. சிரிப்பாள், ஓடுவாள், செருப்பை எடுத்து வா என்றால் என் செருப்பைச் சரியாக எடுத்து வந்து குப்பைக் கூடையில் போடுவாள். பேச மட்டும் மாட்டாள். ஒரு வார்த்தைகூட இல்லை. காது நன்றாகக் கேட்கிறது, பொறுத்திருந்து பார்ப்போம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பொறுத்திருப்பது டாக்டருக்குச் சுலபம். நூலகத்தில் ஸ்டேஷன் மாஸ்டரின் பேரன் வாய் ஓயாமல் பேசுவான். எல்லோரும் என் மகளைப் பார்த்து, "இன்னும் பேசலையா?" என்பார்கள். அந்தக் கேள்விக்கு என் கணீர்க் குரலில் பதிலே கிடையாது.

தினமும் நான்தான் அவளுக்கு அந்தப் புத்தகத்தைப் படித்துக் காட்டுவேன். மூச்சு விடாமல், தடங்கல் இல்லாமல், முதல் பக்கத்தில் கிளம்பினால் கடைசிப் பக்கத்தில்தான் நிற்பேன்.

"கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் படிங்களேன்" என்பாள் மனைவி.

"நிறுத்தினா லேட்டாகும்."

"எது? புத்தகமா, ரயிலா?"

சரி, பொய்க்கு வருகிறேன். சனிக்கிழமை காலை எழுந்ததும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு அவள் முன் நின்றேன். காற்று மட்டும் வந்தது. உள்ளபடியே நல்ல நடிப்பு.

"ஐயய்யோ! தொண்டை கட்டிக்கிச்சா?"

சோகமாகத் தலையாட்டினேன்.

"அடடா. ஒரு வார்த்தை பேசக் கூடாது. உப்புத் தண்ணி வெக்கிறேன், கொப்பளிங்க."

அவ்வளவு சுலபமாக நம்பிவிட்டாளே என்று எனக்கே கொஞ்சம் ஏமாற்றம். கொப்பளித்தேன். அரை மணி கழித்து மறுபடி கொப்பளிக்கச் சொன்னாள். மத்தியானத்துக்குள் ஒரு சின்னக் கடலே என் தொண்டை வழியாகப் போய் வந்தது.

பிறகு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, எங்க அண்ணன் ஒரு மாசம் நம்ம வீட்ல வந்து தங்கட்டுமான்னு கேட்டான். உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

கழுத்து சுளுக்கும்படி தலையை ஆட்டினேன்.

"தலையை ஆட்டாதீங்க. தொண்டை நரம்பு இழுத்துக்கும். அப்ப ஆட்சேபணை இல்லை. சரி, பரண் சுத்தம் பண்ற வேலை?"

கையால் மறுத்தேன்.

"கையைக் காட்டறீங்க, அப்ப நீங்களே பண்றேன்னு அர்த்தம். எனக்குத் தெரியும், நீங்க தங்கம்."

காகிதமும் பேனாவும் தேடினேன். "எழுதவும் வேண்டாம். உடம்பு முழுக்க ஓய்வு எடுக்கட்டும்" என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். தக்காளி இதையெல்லாம் பார்த்துக் கைதட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து நான் தோற்ற வாக்குவாதங்களையெல்லாம் அன்று ஒரே பகலில் மொத்தமாகத் தோற்றேன்.

போகட்டும், ஞாயிற்றுக்கிழமை தப்பித்தோமே என்று ஆறுதல்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை என் சட்டையை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தாள்.

'எதுக்கு?' என்று புருவத்தால் கேட்டேன்.

"நூலகத்துக்கு. கிளம்புங்க."

தொண்டையைக் காட்டினேன்.

"அதனால என்ன? படப்புத்தகம்தானே. படத்தைக் காட்டுங்க. குரல் போனா விரலுமா போயிடுச்சு?"

நியாயமான கேள்வி. பதில் என்னிடம் நிறைய இருந்தது. சொல்லத்தான் வழியில்லை.

நூலகத்தின் மூலையில் பாய் விரித்திருந்தார்கள். நடுவில் எனக்கு ஒரு குட்டி நாற்காலி. உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொட்டது. சுற்றிலும் குழந்தைகள். ஒன்று என் பூட்ஸ் கயிற்றை மென்றுகொண்டிருந்தது. ஒன்று தலைகீழாக நின்று என்னைப் பார்த்தது. ஸ்டேஷன் மாஸ்டர் பேரனோடு முதல் வரிசையில் இருந்தார்.

"என்னய்யா, குரல் போயிடுச்சாமே? நாளைக்கு வண்டிக்கெல்லாம் யாரு குரல் கொடுக்கிறது?"

பரிதாபமாகச் சிரித்து வைத்தேன். மனைவி தக்காளியை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்தாள்.

புத்தகத்தைத் திறந்தேன். ஆந்தையைக் காட்டினேன். சத்தமில்லை. என் வாழ்க்கையில் கையில் எழுத்து இருந்தும் வாயில் சத்தம் இல்லாமல் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வியர்த்தது. குழந்தைகள் என்னைப் பார்த்தார்கள். நான் ஆந்தையைப் பார்த்தேன். ஆந்தை எல்லோரையும் பார்த்தது.

"ஆந்த!" என்றான் ஸ்டேஷன் மாஸ்டரின் பேரன்.

நல்லவேளை என்று பக்கத்தைப் புரட்டினேன். பசு. ஆந்தை பசுவிடம் கேட்கும் இடம். தும்முவதுபோல் மூக்கைச் சுருக்கினேன். பிறகு, 'நீயா?' என்று பசுவின் பக்கம் கையை விரித்துவிட்டுக் காத்திருந்தேன். வழக்கமாக இந்த நேரத்துக்குள் நான் எறும்பு வரைக்கும் போய்ச் சேர்ந்திருப்பேன். இப்போது ஒன்றும் செய்ய முடியாமல் பசுவோடு நின்றுகொண்டிருந்தேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது.

"நா இல்ல."

யார் என்று தேடினேன். என் மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. அவள் மடியில் என் தக்காளி புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெதுவாகப் பக்கத்தைப் புரட்டினேன். தவளை. கையை விரித்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"நா இல்ல!" இந்தத் தடவை அதட்டலாக. சந்தேகமே இல்லை. என் குரல்தான், சின்ன அளவில்.

இத்தனை நாளும் என் வாய்தான் அவளுக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை என்று அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. நெஞ்சில் மாதக்கணக்காக உட்கார்ந்திருந்த கல் ஒன்று உருண்டு ஓடியது. அதோடு என் தொண்டையும் திறந்துகொண்டது.

"பேசிட்டா! என் பொண்ணு பேசிட்டாய்யா!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கைக்குழந்தைகள் மொத்தமாக அழ ஆரம்பித்தன. ஓர் அம்மா பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்து நின்றார்.

"என்னய்யா இது? குரல் போயிடுச்சுன்னாங்க?"

மாட்டினேன் என்று நினைத்தேன். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நேத்துப் பூரா உப்புத் தண்ணி கொப்பளிச்சார் சார். இப்பத்தான் கேட்டிருக்கு."

"கைகண்ட மருந்தா இருக்கே!" என்று அவர் உட்கார்ந்துவிட்டார்.

மிச்சப் புத்தகத்தை நானும் தக்காளியும் சேர்ந்து முடித்தோம். நான் 'நீயா?' என்று மட்டும் கேட்டேன். யானையும் முயலும் எறும்பும் ஆகி, எல்லா மிருகத்துக்கும் அவளே பதில் சொன்னாள். தும்மின எறும்புகூட ஒத்துக்கொள்ளவில்லை. "நா இல்ல!"

"முதல் வார்த்தையே அப்பன்கிட்டேர்ந்து கத்துக்கிட்டா. வீட்ல எது உடைஞ்சாலும் இதைத்தானே சொல்வீங்க" என்றாள் மனைவி. சொல்லிவிட்டுப் போகட்டும். தக்காளியைத் தோளில் தூக்கிக்கொண்டேன். உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. என் பொய்யால் அல்லவா இந்த நல்லது நடந்தது! பெருமையும் கொஞ்சம் வந்தது.

கிளம்பும்போது நூலகத்து அம்மாள் வாசல்வரை வந்தார்.

"ரொம்ப நல்லா இருந்தது சார்."

"இருக்கட்டுங்க" என்றேன் தாராளமாக. "இன்னும் பிரமாதமா பண்ணியிருப்பேன். திடீர்னு தொண்டை கட்டிக்கிச்சு, பாருங்க."

அந்த அம்மாள் என்னைப் பார்த்து விழித்தார்.

"திடீர்னா? ஞாயித்துக்கிழமை உங்களுக்குத் தொண்டை கட்டிக்கும்னு உங்க வீட்ல போன வாரமே வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்களே சார்!"