ஐந்து ஓட்டையும் ஒரு பொத்தானுக்குள்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் கேலன் அவர்களுக்கு,

லைல் ஹோகன்சன் எழுதிக்கொள்வது. இங்கே மொன்டானாவில் உங்கள் தங்கை வெர்னா, நான், நாய் மூவரும் சௌகரியம், என் இடது முழங்கையைத் தவிர. அந்த முழங்கையின் கதை வேறு யார் வாயிலாவது புகுந்து பிஸ்மார்க்கில் உங்கள் காதுக்கு வந்து சேர்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். போன ஞாயிறு, தேவாலயம் முடிந்த கையோடு, ஆரின் ட்வெய்ட் வீட்டுக் குப்பைத் தொட்டிக்குள் நான் இடுப்புவரை தலைகீழாக இருந்தேன். டை கட்டியிருந்தேன். பாதிரியாரின் மனைவி காரில் போகும்போது கையசைத்தாராம். பூட்ஸை மட்டும் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்திருக்கிறார். இந்த ஊரில் எல்லாரும் எல்லாரையும் வேவு பார்க்கிறார்கள் என்று நான் சொன்னால் மட்டும் யாரும் நம்புவதில்லை.

ஆரினை உங்களுக்குத் தெரியும். எனக்குப் பக்கத்து வீட்டுக்காரன், துப்பாக்கிச் சங்கத்தில் பக்கத்து மேசைக்காரன், நாங்கள் சுடும் எல்க் மானை மலையிலிருந்து இறக்கும் இரண்டு கோவேறு கழுதைகளுக்குச் சொந்தக்காரன். கடந்த மே மாதம் சங்கத்துச் சுடுதளத்தில், நூறு கஜத்தில் நான் ஐந்து குண்டு சுட்டேன். ஐந்து ஓட்டையும் ஒரு சட்டைப் பொத்தானுக்குள் அடங்கிவிட்டன. தொலைநோக்கியில் ஒரே ஓட்டையாகத் தெரிந்ததைப் பார்த்துவிட்டு ஆரின், "மீதி நாலு எங்கடா போச்சு, கனடாவுக்கா?" என்றான். பிறகு இலக்கு அட்டையைக் கையில் வாங்கி, ஐந்தையும் விரலால் இரண்டு முறை எண்ணிப் பார்த்தான்.

அது நானே என் கராஜில் வெடிமருந்து நிறுத்து, குண்டு பொருத்தி, கையால் அடைத்த தோட்டா. அன்று மாலையே நோட்டில் எல்லாம் ஏற்றினேன். மருந்தின் எடை, குண்டு கூட்டுக்குள் இறங்கிய ஆழம், பித்தளைக் கூடு எத்தனையாவது முறை நிரப்பியது, வெயில், காற்று, காலையில் தின்ற பான்கேக் உட்பட. அட்டையைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினேன். அந்த ஆணியில் அதுவரை வெர்னாவின் பெற்றோர் தொங்கினார்கள். உங்களுக்கும் அவர்கள்தான் பெற்றோர் என்பது மாட்டிய பிறகுதான் உறைத்தது. துணி துவைக்கும் அறையில் நல்ல வெளிச்சம், அங்கே நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் சனி பிடித்தது. அதே நோட்டு, அதே பக்கம், அதே மருந்து, பான்கேக்கைக் கூட விடாமல் தின்றுவிட்டுப் போய்ச் சுடுகிறேன், பொத்தான் வரவே இல்லை. ஒரு வாரம் சாஸர், மறுவாரம் சாப்பாட்டுத் தட்டு. சனிக்கிழமை தவறாமல் ஆரின் கேட்பான், "என்ன லைல், இன்னிக்குத் தட்டா, தாம்பாளமா?" காற்று தள்ளிய குண்டை நான் நோட்டில் ஏற்றுவதில்லை, அது நியாயம்தானே. அதற்கும் ஒரு நக்கல்: "இவன் அஞ்சு சுட்டா மூணுதான் நோட்டுக்குப் போகும். மீதி ரெண்டும் காத்துக் கணக்கு."

மச்சான், நான் தப்பு பண்ணவில்லை என்றால் வேறு யாரோ பண்ணுகிறார்கள் என்றுதானே அர்த்தம்? மருந்து டப்பாவில் வேறு மருந்தைக் கலந்திருக்கலாம். நோட்டில் ஓர் எண்ணைத் திருத்தியிருக்கலாம். கராஜ் சாவி ஆரினிடமும் ஒன்று இருக்கிறது. இரவு தரையில் மாவு தூவிவிட்டுப் படுத்தேன். காலையில் நாயின் தடம், வெர்னாவின் செருப்புத் தடம், என் பூட்ஸ் தடம் எல்லாம் இருந்தன, ஆரினுடையது மட்டும் இல்லை. எவ்வளவு ஜாக்கிரதையான ஆள் பாருங்கள். தப்பாக நினைக்காதீர்கள், ஜூலை நான்காம் தேதி வந்திருந்தபோது நீங்களும் பீர் எடுக்கக் கராஜுக்குப் போய், பீர் இல்லாமல் திரும்பினீர்கள். சும்மா ஞாபகப்படுத்துகிறேன்.

ஆகஸ்டில் ஆரின் ஐந்து குண்டை ஒரு திராட்சைப் பழ அளவுக்குள் போட்டான். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. என் மருந்துக் கணக்கு அவன் வீட்டில் இருக்கிறது. காலியான மருந்து டப்பாவும் குண்டுப் பெட்டியும் கிடைத்தால் சங்கத்தில் எல்லார் முன்னாலும் வைத்துக் கேட்டுவிடலாம் என்றுதான் குப்பைத் தொட்டிக்குப் போனேன். கை எட்டவில்லை, எட்டிப் பிடித்தேன், கால் வழுக்கியது.

"லைல்," என்று வெளியே அவன் குரல். "மேல கெடக்கறது நேத்து மீனு. அதுக்குக் கீழ தேடு."

"உன் மருந்து டப்பா எங்க?"

"அதுக்கா இந்தக் கூத்து? கேட்டிருந்தா நோட்டையே குடுத்திருப்பேனேடா."

என் காலைப் பிடித்து இழுத்து நிறுத்தினான். வீட்டுக்குள் போய்த் தன் நோட்டைக் கொண்டுவந்து கையில் திணித்தான். அங்கேயே நின்று புரட்டினேன். வேறு மருந்து, வேறு குண்டு, வேறு எடை. ஒன்றும் என்னுடையதில்லை.

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு. இன்னொரு நோட்டு எங்க?"

இதைக் கேட்டிருக்க வேண்டாம். ஆனால் யோசியுங்கள், திருடியவன் திருடிய கணக்கை முன்னால் நீட்டுவானா? ஆரின் என் தலையில் ஒட்டியிருந்த முட்டை ஓட்டை எடுத்துத் தொட்டிக்குள் போட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான், "இந்த வருஷம் எல்க்குக்கு என் மாப்பிள்ளைகூடப் போயிக்கறேன் லைல். நீ வேற ஆளைப் பாத்துக்க." என் கராஜ் சாவியையும் கழற்றிக் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து வேலிக்கு அந்தப் பக்கம் ஆளைக் காணோம். கழுதைகள் மட்டும்தான் எட்டிப் பார்க்கின்றன.

கழுதை கிடக்கட்டும் மச்சான். கூடாரத்துக்கு வெளியே அவன் காய்ச்சுகிற அந்தக் கண்ணராவிக் காப்பியைக் குடித்துத் திட்டாமல் எனக்கு வேட்டை தொடங்கினதாகவே இருக்காது. அவன் மாப்பிள்ளை டீ குடிக்கிறவன். அதனால் நீங்கள் வேட்டைக் காலம் தொடங்குவதற்குள் ஒருமுறை வந்து ஆரினிடம் பேச வேண்டும். உங்கள் பேச்சுக்கு அவன் மரியாதை கொடுப்பான். ஒரே ஒரு நிபந்தனை. என் மே மாத மருந்துக் கணக்கைப் பார்த்துப் பொறாமைப்பட்டதாக அவன் ஒரு வார்த்தை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொண்டால் மன்னித்துவிடுவேன், நான் அப்படிப்பட்ட ஆள்தான். இல்லையென்றால் விஷயத்தைச் சங்கத்துச் செயற்குழுவுக்குக் கொண்டுபோவதைத் தவிர வழியில்லை. புகாரைக் கூட எழுதி வைத்துவிட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு ஆசிகள். ஆண்டவர் உங்கள் வீட்டுக் கூரையையும் டிரக்கின் டயர்களையும் இந்தக் குளிர்காலம் முழுக்கக் காப்பாராக.

இப்படிக்கு,
பாதிக்கப்பட்ட மைத்துனன்,
லைல்

பின்குறிப்பு: எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி இதை வெர்னாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "லைல், உக்காரு," என்றாள். "அன்னிக்கு மே மாசம் காலையில நீ பான்கேக் தின்னுட்டிருந்தப்ப, உன் தோட்டா டப்பா என் கை தட்டிப் பாத்திரத் தொட்டித் தண்ணிக்குள்ள விழுந்துருச்சு. நீ கத்துவியேன்னு நனஞ்சதத் தொடச்சு அலமாரியில ஒளிச்சுட்டு, கடையில வாங்குன தோட்டாவ அதுல அடுக்கி அனுப்பிட்டேன். நீ நெரப்புற அதே கம்பெனிக் கூடுதான், உனக்கும் வித்தியாசம் தெரியல. சாயங்காலம் நீ அவ்வளவு சந்தோஷமா வந்தே, எப்படிச் சொல்ல?"

கடைத் தோட்டா நான் வாங்குவதில்லையே, அது நம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று கேட்டேன்.

என் பிறந்தநாளுக்கு ஆரின் கேலியாகக் கொடுத்து, நான் பிரிக்காமலே மூலையில் எறிந்த டப்பாவாம்.