சூடம், ஜாங்கிரி, ஆறாம் அத்தியாயம்

கலைச்செல்வனின் சட்டைப் பைக்குள் எறும்பு புகுந்த அன்றுதான் அந்த வீட்டில் நெருக்கடி நிலை அமலுக்கு வந்தது.

ஒன்றிரண்டு எறும்பு என்றால் ஊதித் தள்ளியிருக்கலாம். இது ஊர்வலம். ஜன்னலில் தொடங்கிச் சுவரேறி, ஹேங்கரில் தொங்கிய நீலச் சட்டையின் பைக்குள் இறங்கி, சொந்தபந்தங்களுக்குச் சேதி சொல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் மனைவி புவனேஸ்வரி இடுப்பில் கை வைத்து எறும்பைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். எறும்பைப் பார்த்தபோதாவது முகத்தில் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

கலைச்செல்வன் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் தருக்கவியல் நடத்துகிறார். அரியலூரிலிருந்து தினமும் பஸ். தருக்கம் படித்தவர்களுக்குக் கொஞ்சம் தருக்கும் சேர்ந்து வரும். இவருக்குத் தருக்கு முதலில் வந்தது, தருக்கம் பிறகு வந்தது. "காப்பியா, டீயா?" என்று புவனா கேட்டால் "ஆமா" என்பார். இரண்டில் ஏதோ ஒன்று வேண்டும் என்பது உண்மைதானே, ஆகவே "ஆமா"தான் சரியான விடை என்பார். கல்யாணமான புதிதில் அவள் சிரித்தாள். இப்போதெல்லாம் வெந்நீரை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

மாணவர்களுக்காகத் தருக்கவியலுக்கு ஓர் அறிமுக நூலும் எழுதிக்கொண்டிருந்தார். மூன்றே வரியில் முடிவு சொல்லும் பழைய கிரேக்கத்து முறையில் தொடங்கி, 'என்றால்', 'அல்லது' வாக்கியங்களைத் தாண்டி, 'எல்லாம்', 'சில' என்று அளக்கும் முறைக்குப் போய், 'இருக்கலாம்', 'இருந்தே ஆகவேண்டும்' என்பதில் முடிகிற நூல். அவர் கையால் எழுதித் தருவார். புவனா லேப்டாப்பில் தட்டச்சு செய்வாள். தட்டச்சு செய்கிறவர்கள் எதையும் படிப்பதில்லை என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கைக்கு நூலின் எந்த அத்தியாயத்திலும் ஆதாரம் கிடையாது.

அவருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, இனிப்பைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் சாயங்காலமானால் சுடச்சுட ஜாங்கிரி போடுவார்கள். இந்த இரண்டு உண்மைகளும் ஒரே மனிதருக்குள் எப்படிக் குடித்தனம் நடத்தின என்பதை எந்தத் தருக்கமும் சொல்லாது.

"ஏங்க, இது என்ன?"

"எறும்பு."

"அது எனக்கும் தெரியுது. பையில ஜாங்கிரி இருந்துச்சா?"

கலைச்செல்வன் வகுப்பில் கனைப்பது போலக் கனைத்தார். "இனிப்பு இருக்குற எடத்துக்கெல்லாம் எறும்பு வரும். சரி. ஆனா எறும்பு வர்ற எடத்துலல்லாம் இனிப்பு இருக்கணும்னு இருக்கா? செத்த பூச்சிக்குக்கூடத்தான் வரும்."

"அப்ப செத்த பூச்சியவா பையில வச்சிருந்தீங்க?"

"வச்சிருந்திருக்கலாம். வச்சிருந்தே ஆகணும்னு இல்ல. 'லாம்' வேற, 'ஆகணும்' வேற. அதுக்குன்னே கடைசியில ஒரு அத்தியாயம் இருக்கு."

"தெரியும். அதை டைப் அடிச்சவ நாந்தான்."

சொல்லிவிட்டுச் சட்டையை உதறினாள். அவள் குரல் திடீரென்று இறங்கிவிட்டது. "எங்கப்பாவுக்கும் முதல்ல கால் விரல்லதாங்க புண்ணு வந்துச்சு. அவரும் இப்படித்தான் வாய் பேசுனாரு. கடைசியில காலையே எடுத்துட்டாங்க. எனக்குப் பயமா இருக்கு."

கலைச்செல்வனுக்கு உண்மை வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து ஜாங்கிரியின் நினைப்பும் வாய் வரைக்கும் வந்தது. ஒரு வாயில் இரண்டுக்கும் இடமில்லை.

"நான் தொடவே இல்ல புவனா."

"சரி. நாளைக்கு ஏரிக்கரை முனியப்பன் கோயிலுக்கு வாங்க. சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணுங்க. பண்ணலைன்னா, வரதராஜன்பேட்டைக்குப் போன் போட்டு உங்க அக்காவை வரச் சொல்லிடுவேன். இனிமே உங்க சாப்பாட்டை அவங்களே பாத்துக்கட்டும்."

கலைச்செல்வனுக்குக் கை கால் ஓடவில்லை. அக்கா பாப்பாத்தியைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னால்தான் இது புரியும். அவள் வளர்த்த பிள்ளை இவர். ஊருக்கே பேராசிரியர் என்றாலும் அவளுக்கு இன்னமும் மூக்கொழுகும் கலையன். வந்தால் மூட்டை முடிச்சோடு வருவாள். சர்க்கரை இறங்கும் வரை நகரமாட்டாள். காலையில் பாகற்காய்ச் சாறு, மத்தியானம் களி, சாயங்காலம் பஸ் ஸ்டாண்டிலேயே வந்து நின்று வாயை ஊதச் சொல்வாள்.

அக்கா வரக் கூடாதென்றால் சத்தியம் பண்ண வேண்டும். பொய்ச் சத்தியம் பண்ணினால் முனியப்பன் விடமாட்டார். தருக்கம் நடத்துகிறவர் இதையெல்லாம் நம்பலாமா என்று கேட்காதீர்கள். வகுப்பில் நம்பமாட்டார். சூடத்துக்கு முன்னால் நம்புவார்.

சாயங்காலம் வரைக்கும் கூண்டுப் புலி மாதிரி நடந்தார். புவனா எதுவும் நடக்காதவள் போல ஆறாம் அத்தியாயத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். நடை நடுவே அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

'மழை பெய்தால் தெரு நனையும். மழை பெய்யவில்லை, ஆகவே தெரு நனையவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. சிமெண்டு லாரிப் புழுதிக்குத் தண்ணீர் தெளித்திருக்கலாம். அதேபோல், தெரு நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது என்றும் சொல்லக் கூடாது.'

தம் எழுத்தின் தெளிவை ஒரு நிமிஷம் ரசித்தார். அடுத்த வரியில் கண் நின்றது.

'என்றால்-வாக்கியத்தின் பின்பகுதி உண்மையாக இருந்துவிட்டால், முன்பகுதி எப்படிப் போனாலும் முழு வாக்கியமும் உண்மையே.'

கலைச்செல்வனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பின்பகுதி உண்மையாக இருந்தால் போதும்! உலகத்திலேயே தவறாத உண்மை ஒன்று வேண்டும். அது தினமும் காலையில் வந்துகொண்டுதானே இருக்கிறது!

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் நல்ல வெயில். அமாவாசை என்ற பூசாரி தட்டில் சூடத்தை ஏற்றினார். கோயிலுக்கு வந்திருந்த நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க நெருங்கி நின்றார்கள். முனியப்பன் அரிவாளோடு கண்ணை உருட்டிக்கொண்டிருந்தார். ஒரு சொல் பிசகினால் போச்சு. பழக்க தோஷத்தில் 'மேற்கு' என்று வந்துவிட்டால் ஆளே காலி.

"சொல்லுங்க சார், சூடம் எரியுதுல்ல" என்றார் அமாவாசை.

புவனா வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

கலைச்செல்வன் கையை நீட்டினார். கோயிலே அதிரும்படி கத்தினார்:

"முனியப்பா! நான் ஜாங்கிரியத் தின்னிருந்தா, நாளைக்குச் சூரியன் கெழக்கால உதிக்கட்டும்!"

அடித்தார் பாருங்கள் ஓர் அடி, சூடம் அணைந்தது. உள்ளங்கை சுட்டது.

கூட்டம் வாய் பிளந்தது. ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கடுஞ்சத்தியம் சார்! சூரியனையே இழுத்துட்டீங்களே!" என்று அமாவாசை நெற்றி நிறைய விபூதி பூசிவிட்டார். சூரியனை இழுத்துச் சத்தியம் என்றால் வழக்கமாக மேற்கில் உதிக்கட்டும் என்பதுதானே, ஆளுக்காள் தங்கள் காதில் 'மேற்கு' என்று தாங்களே போட்டுக்கொண்டார்கள். கலைச்செல்வன் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

வண்டியில் திரும்பும்போதும் அவள் பேசவில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் இவருக்கு நெஞ்சு திக்கென்றது. வீட்டு வாசலில் இறங்கியபோது, "கை சுட்டுருச்சா? தேங்காயெண்ணெ போடுங்க" என்றாள். அவ்வளவுதான். கலைச்செல்வனுக்கு உயிர் திரும்பி வந்தது. நாளைக்குச் சாயங்காலம் ஒன்றுக்கு இரண்டாகத் தின்பது என்று முடிவு செய்துகொண்டு, நிம்மதியாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

"டேய் கலையா! தூங்குனது போதும், எந்திரி!"

கனவு என்றுதான் முதலில் நினைத்தார். வாசலுக்கு ஓடினார். அக்கா பாப்பாத்தி ஒரு கையில் மாவு மூட்டையும் மறு கையில் பாகற்காய்ப் பையுமாக இறங்கிக்கொண்டிருந்தாள். புவனா ஓடிப்போய் மூட்டையை வாங்கினாள்.

"புவனா! என்ன அநியாயம் இது? நான்தான் சத்தியம் பண்ணிட்டேனே!"

"பண்ணுனீங்க. யாரு இல்லன்னா?"

"பண்ணா அக்கா வரமாட்டாங்கன்னு சொன்னியே!"

"எப்பச் சொன்னேன்? பண்ணலைன்னா வரச் சொல்லுவேன்னேன். பண்ணா வரச் சொல்லமாட்டேன்னு சொல்லவே இல்லியே. மழை பெய்யாட்டியும் தெரு நனையும்ங்க. ஆறாம் அத்தியாயம்."

இந்தத் தப்பைச் செய்த மாணவர்களுக்கு அவர் வருஷா வருஷம் முட்டை போட்டிருக்கிறார்.

"சரி, அதை விடு" என்று சமாளித்தார். "குத்தமே இல்லாதவனுக்கு எதுக்குக் காவல்? நான் தின்னேன்னு ஒன்னால நிரூபிக்க முடியுமா?"

புவனா வாசலுக்கு நேரே கை காட்டினாள். எதிர்வீட்டு மாடிக்கு மேலே சிவப்பாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அது எந்தப் பக்கம்ங்க?"

"கிழக்கு."

"தின்னிருந்தா சூரியன் கெழக்கால உதிக்கட்டும்னீங்க. உதிச்சிருச்சு. அப்பத் தின்னிருக்கீங்க."

கலைச்செல்வனுக்குள் இருந்த வாத்தியார் துள்ளி எழுந்தார். அவரை அடக்க அந்த நேரத்தில் யாரும் இல்லை.

"தப்பு! தப்பு! அடிப்படையே தப்பு! பின்பகுதிய வச்சு முன்பகுதிய முடிவு பண்ணக் கூடாது! நான் தின்னாலும் கெழக்கதான் உதிக்கும், தின்னலைன்னாலும் கெழக்கதான் உதிக்கும்! அது தெரிஞ்சுதானே அப்படி ஒரு வாக்கியத்தை யோசிச்சுக் கண்டுபுடிச்சேன்! ஒரு கிலோ ஜாங்கிரிய முழுங்கிட்டுச் சொன்னாக்கூட அந்தச் சத்தியம் பொய்யாகாது!"

சொல்லி முடித்த பிறகுதான் தெருவே அமைதியாக இருப்பது காதில் விழுந்தது. ஆட்டோக்காரர் மீதிச் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"முழுங்காதவன் எதுக்குடா அதை யோசிச்சுக் கண்டுபுடிக்கணும்?" என்றாள் அக்கா.

கலைச்செல்வன் புவனாவைப் பார்த்தார். அவள் கண்ணோரம் ஈரமாக இருந்தது. உதட்டோரம் சிரிப்பும் இருந்தது.

"நான் சொன்னது தப்புன்னு எனக்கும் தெரியும்ங்க. நீங்க வந்து திருத்துவீங்கன்னுதான் சொன்னேன்."

அக்கா சேலையைச் செருகிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போனாள். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது.

"டேய் கலையா, இன்னைக்கு ஒனக்குக் கம்மங்கூழா, கேவுறு களியா?"

கலைச்செல்வன் வாயைத் திறப்பதற்குள் புவனா முந்திக்கொண்டாள்.

"'ஆமா'ம்பாரு அண்ணி. ரெண்டையும் வைங்க."