அன்பளிப்பு: சு. தனபால்

என் அப்பா அம்மா இருவரும் ஊரையே நம்புகிறவர்கள். பிறகு எனக்கு மட்டும் இந்தச் சந்தேகப் புத்தி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கோப்பிக் கடையில் சீனி குறைவாக என்று சொல்லிவிட்டு, கடைக்காரரின் கரண்டி எத்தனை தடவை சீனி டப்பாவுக்குள் போய்வருகிறது என்று எண்ணுகிறவன் நான். லிஃப்ட்டில் யாராவது எனக்காகப் பொத்தானை அழுத்தினால், சரியான மாடிதானா என்று எட்டிப் பார்ப்பேன். ஷாமளா என்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதித்த அன்று, சந்தோஷப்படுவதை விட்டுவிட்டு "ஏன்?" என்று கேட்டேன். (இன்றுவரை அவள் பதில் சொல்லவில்லை. அதிலும் ஏதோ இருக்கிறது.)

ஆறு வருடங்களுக்கு முன்னால் இந்தப் புத்தி என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்கிறேன்.

அப்போது எங்கள் பொங்கோல் வீட்டில் சோறு கட்டும் டப்பா அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. புதுமணத் தம்பதிக்கு இருக்கிற இடத்தில் பெரிய பெட்டி எதற்கு என்று நான்தான் பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தேன். மின்னஞ்சல் பார்க்க, படம் பார்க்க அது போதும். ஆனால் ஷாமளா அதில் ஒரு பெரிய வேலையை ஏற்றிவிட்டாள்.

என் மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய முதல் கல்யாணம் (அதாவது இதே மாமியாரோடு நடந்த முதல் கல்யாணம்) வீடியோ கேசட்டில் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. ஷாமளா அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, பழைய படங்களைச் சேர்த்து, பாட்டு போட்டு, மண்டபத்தில் திரையில் காட்டுவதற்காக முக்கால் மணி நேர வீடியோ ஒன்று தயார் செய்துகொண்டிருந்தாள். இரண்டு மாதமாக அலுவலகம் விட்டு வந்து அதையே கட்டிக்கொண்டு அழுதாள். கேசட்டில் இருப்பவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. அவள் அப்பா அந்தக் கேசட்டை இருபது வருடமாகப் பார்த்ததும் இல்லை. அவருக்குத் தெரியாமல் செய்கிறாள்.

எல்லாம் சேர்த்துக் கடைசியாக ஒரே வீடியோவாக மாற்றச் சொன்னால், நம் டப்பா மூச்சு வாங்கி அப்படியே நின்றுவிடும். மூன்று முறை நின்றது. நான்காவது முறை ஷாமளா மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"பிராசசர மாத்திட்டா போதும்," என்றேன். "நான் பாத்துக்கிறேன்."

"ஞாயித்துக்கிழமை ஃபங்ஷன், தனா. ஷுவரா?"

"ஷுவர்."

கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரைப் புதிதாக இணையத்தில் வாங்கினேன். முத்திரை உடைந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது: எங்கள் கம்ப்யூட்டரின் போர்டுக்கு இந்தப் புது ஆளைத் தெரியாது. பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே ஏதோ அப்டேட் செய்து அறிமுகப்படுத்த வேண்டுமாம். அதற்குக் கடைக்குத்தான் போகவேண்டும்.

புதன்கிழமை ரோச்சோர் பக்கம் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் காதர் பாயின் கடையைக் கண்டுபிடித்தேன். பாய் என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். மெல்லிய குரல். பெட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

"செஞ்சிடலாம்ணே. ரெண்டு மணி நேரம் ஆகும். வச்சிட்டுப் போங்க."

"உள்ள சூடு தணிக்கிற காத்தாடிய மாத்தணுமா?"

"வேணாம்ணே. இதுவே போதும்."

"மெமரி?"

"அதுவும் போதும்."

எதையும் தலையில் கட்டப் பார்க்காத ஒரு கடைக்காரரை என் வாழ்நாளில் அன்றுதான் சந்தித்தேன். என் சந்தேகம் அங்கேதான் பிறந்தது. சில்லறைப் பொருளை விற்க ஆர்வமில்லாதவருக்கு எதில் ஆர்வம்? என் புத்தம் புதிய பிராசசரில்தான். அதை எடுத்துக்கொண்டு மட்டமான ஒன்றை உள்ளே வைத்து மூடிவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்?

"நான் பக்கத்துல நின்னு பாக்கலாமா, பாய்?"

"உள்ள ஒரு ஆள்தான் உட்கார முடியும்ணே. ரொம்ப சின்ன இடம்."

(பார்த்தீர்களா?)

வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் அந்த மகத்தான யோசனை உதித்தது. எங்கள் வீட்டில் அம்மா எந்தப் பாத்திரத்தையும் பெயர் வெட்டாமல் வெளியே அனுப்ப மாட்டார். கோவில் விசேஷத்துக்குப் போன குண்டான், அக்கம்பக்கத்துக்குக் குழம்போடு போன தூக்கு, எல்லாம் பெயரால்தான் பத்திரமாகத் திரும்பி வந்தன. பாத்திரத்துக்குச் செய்வதைப் பிராசசருக்குச் செய்தால் என்ன? அதற்கும் மேலே பளபளவென்று உலோக மூடிதானே இருக்கிறது.

வியாழக்கிழமை தேக்காவில் ஒரு பாத்திரக் கடைக்குப் போனேன். பெயர் வெட்டும் இயந்திரத்தின் முன்னால் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்த அந்தச் சதுரத்தைப் பிளாஸ்டிக் கூட்டோடு அவர் முன்னால் வைத்தேன்.

"என்னாங்க தம்பி இது?"

"கம்ப்யூட்டருக்குள்ள போடுறதுக்கா. அடியில முள்ளு முள்ளா இருக்கும், அழுத்திடாதீங்க. மேல பேரு வெட்டணும்."

"நம்ம கடையில வாங்குன சாமானுக்குத்தான் வெட்டுவோம்."

ஒரு டம்ளர் வாங்கினேன்.

"இதுக்கு எதுக்குப் பேரு?"

"மாறிடக் கூடாதுல்லக்கா."

அக்கா தலையாட்டினார். இந்தக் கதை முழுவதிலும் என்னைப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன் அவர்தான். "ஆமா. கல்யாண வீட்டுலதான் ரொம்ப மாறும்," என்றார்.

சு. தனபால் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். இயந்திரம் ரீங்காரமிட்டது. ஊசி முனை ஆடுவதைப் பார்க்கத் தைரியமில்லாமல் இட்லிக் கொப்பரைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தபோது, என் பெயர் முத்து முத்தாக இருந்தது. அதற்கு மேலே இன்னொரு வரியும் இருந்தது: அன்பளிப்பு.

"அக்கா, இது எதுக்கு?"

"சின்ன சாமான்னா கிஃப்ட்டாத்தானே இருக்கும்? கையி பழக்கத்துல போட்டுருச்சு," என்றார். டம்ளரில் வெறும் பெயர் மட்டும் வெட்டியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காதர் பாய் பிராசசரைக் கையில் எடுத்தார். படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"இது யாருக்காச்சும் குடுக்கிறதாண்ணே?"

"இல்ல. எனக்குத்தான்."

"சரிண்ணே," என்று உள்ளே போய்விட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. சாதாரண மனிதன் கேட்டிருப்பான். இவர் கேட்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று கீழே உணவங்காடியில் ரொட்டி பிராட்டாவை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் யோசித்தேன்.

மாலையில் பெட்டியை வாங்கிக்கொண்டேன். பழைய பிராசசரையும் சின்னக் கூட்டில் போட்டுப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். (பழையதில் பெயர் வெட்டாமல் விட்டோமே என்று அப்போது வருந்தினேன்.) வீட்டில் போட்டதும் திரையில் புது பிராசசரின் பெயர் சரியாக வந்தது. ஷாமளா இரண்டு நிமிட வீடியோ ஒன்றை மாற்றிப் பார்த்தாள். குதிரை மாதிரி ஓடியது. "நீ கிரேட் லா," என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். மறுநாள் காலை தேக்காவில் பூமாலைக்குச் சொல்லிவிட்டு, அத்தையிடம் கடைசியாக நாலு படங்களை வாங்கி வந்து, மதியம் மொத்தத்தையும் ஓடவிடுவதாகத் திட்டம்.

இத்தோடு நான் ஒரு நல்ல கணவனாக வாழ்ந்திருக்கலாம்.

சனிக்கிழமை காலை அவள் கிளம்பியதும் பெட்டி என்னைப் பார்த்தது. திரையில் பெயர் வருகிறது, சரி. ஆனால் திரையில் வரும் பெயரைக்கூட ஏமாற்றி எழுத முடியும் என்று எங்கோ படித்திருந்தேன். என் பெயர் வெட்டிய பிராசசர்தான் உள்ளே இருக்கிறதா? அதைப் பார்க்காவிட்டால் பெயர் வெட்டியதற்கு என்ன பொருள்? ஆனால் அந்தப் பெயரின் மேல் பசை தடவி, அதன் மேல் காற்றாடியை உட்காரவைத்து இறுக்கியிருந்தார்கள். பார்க்கவேண்டுமானால் காற்றாடியைக் கழற்றவேண்டும்.

நான்கு திருகாணிகளையும் கழற்றினேன். காற்றாடி வரவில்லை. பிடித்து இழுத்தேன். பல் பிடுங்குவதுபோல் இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தேன். டக் என்று ஒரு சத்தத்தோடு வந்தது.

தனியாக வரவில்லை. அடியில் பசையோடு ஒட்டிக்கொண்டு பிராசசரும் வந்துவிட்டது. கொக்கி போட்டுப் பூட்டியிருந்த இடத்திலிருந்து அப்படியே பிய்த்துக்கொண்டு. (முதலில் கம்ப்யூட்டரைச் சூடாக்கி, காற்றாடியை மெல்லத் திருகி எடுக்கவேண்டும் என்பது பிறகு தெரிந்தது.)

பிராசசரைப் பிரித்துப் பசையைத் துடைத்தேன். 'அன்பளிப்பு, சு. தனபால்' என்று முத்து முத்தாக வெளியே வந்தது. என்னை ஏமாற்றவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி.

பிறகு திருப்பிப் பார்த்தேன். முள் வரிசைகளில் இரண்டு, படுத்தே கிடந்தன. ஊக்கு ஒன்றை எடுத்து நிமிர்த்தப் போனேன். ஒரு முள் ஒடிந்து மேசைமேல் விழுந்தது.

அடுத்து நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஷாமளாவுக்குப் போன் போட்டு, "கம்ப்யூட்டர் ஆன் ஆகல. கடையில ஏதோ பண்ணிட்டாங்க போல," என்றேன்.

ஒரு மணி நேரத்தில் காதர் பாய் கடை வாசலில் வந்து நின்றாள், கையில் பூக்கடை ரசீதோடு. நான் எல்லாவற்றையும் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அவள் நிதானமானவள். ஆனால் அன்று பொரிந்து தள்ளிவிட்டாள்.

"எங்க அப்பாவோட அறுபதாம் கல்யாணம். நாளைக்கு. டூ மந்த்ஸ் வேல. இப்படியா செய்வீங்க?"

காதர் பாய் பையிலிருந்து பிராசசரை எடுத்தார். திருப்பி முட்களைப் பார்த்தார். மறுபடி திருப்பி மேல்பக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"அண்ணே, நான் பேஸ்ட் போட்டு மூடித்தான் குடுத்தேன். இந்தப் பேரு எப்படி வெளிய தெரியுது?"

திருடனைப் பிடிக்க வெட்டிய பெயர், ஆளைச் சரியாகப் பிடித்துக் கொடுத்துவிட்டது.

ஷாமளாவுக்குப் பெயர் வெட்டிய கதையே தெரியாது. அதை வாங்கிப் படித்தாள். "அன்பளிப்பா?" என்றாள். நான் பாத்திரக் கடையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்கு வந்த வேறு இரண்டு பேரும் நின்று கேட்டார்கள்.

"கடைக்காரர நம்பல. ஓகே," என்றாள். "பேரு வெட்டின. ஓகே. ஸ்க்ரீன்ல சரியா காட்டுது. வேலையும் செய்யுது. அப்புறம் எதுக்கு தனா பார்த்த?"

நான் பைக்குள் ஒடிந்த முள்ளைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அவள் காதர் பாயிடம் மன்னிப்புக் கேட்டாள். எனக்கு அங்கேயே மாடியிலிருந்து குதித்துவிடலாம்போல் இருந்தது. காதர் பாய் பழைய பிராசசரை எங்கே என்று கேட்டு வாங்கி, வேறு வேலைகளை ஓரம் வைத்துவிட்டு அரை மணி நேரத்தில் பொருத்திக் கொடுத்தார். "மொத்தமா ஓட்டாதீங்க அக்கா. ரெண்டு பாதியா பிரிச்சுக்கங்க, நிக்காது," என்று வழியும் சொன்னார்.

ஞாயிறு காலை கிளம்பும் நேரத்துக்கு முதல் பாதி மட்டும்தான் முடிந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனோம்.

திரையில் மாமா பட்டு வேட்டியோடு வந்தார், தலை நிறைய முடியோடு. இப்போது இல்லாத அவருடைய அண்ணன் மாலையைச் சரிசெய்துவிட்டார். மேடையில் மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கெட்டிமேளம் ஆரம்பித்தது. திரையில் மாமா தாலியை எடுத்தார், மாமியாரின் கழுத்துக்கிட்டே கொண்டுபோனார். திரை கறுத்தது. பாதி முடிந்துவிட்டது.

ஷாமளா முகத்தை மூடிக்கொண்டாள். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

மாமா நிகழ்ச்சி நடத்துகிறவரின் கையிலிருந்து மைக்கை வாங்கினார். புதுத் தாலி தட்டில் தயாராக இருந்தது. "மிச்சத்த நேர்ல பாத்துக்குங்க," என்றார். மண்டபம் சிரித்துத் தீர்ந்தபிறகுதான் ஐயரால் மந்திரத்தை ஆரம்பிக்க முடிந்தது. ஷாமளாவும் சிரித்தாள். என் பக்கம் திரும்பாமல்தான்.

மறுவாரம் வீட்டில் முழு வீடியோவையும் பார்த்தபிறகு, அன்று அது ஏன் பாதியில் நின்றது என்ற கதையை மாமா ஷாமளாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். முள் ஒடிந்த பிராசசரையும் கேட்டு வாங்கிக்கொண்டார். பாசிர் ரிஸ்ஸில் அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில், குத்துவிளக்குக்கும் ஓய்வு பெற்றபோது கிடைத்த கேடயத்துக்கும் நடுவே அது இன்றும் இருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம், "அறுபதாம் கல்யாணத்துக்கு மாப்ள குடுத்தது. பேரு போட்டே குடுத்தாரு," என்று எடுத்துக் காட்டுகிறார். மாமியார் எனக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கும்போது, "உள்ள மீன் இருக்கு, மாப்ள. நம்பி எடுத்துட்டுப் போங்க," என்கிறார்.

அதற்குப் பிறகு இன்னொரு புது பிராசசரைக் காதர் பாயிடமே வாங்கி, அவரையே போடச் சொன்னோம். பெட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, திருகாணியின் மேல் சின்ன வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று ஒட்டி, அதில் கையெழுத்தும் போட்டிருந்தார்.

"இது எதுக்கு பாய்?" என்றேன்.

"தப்பா நினைக்காதீங்கண்ணே," என்றார். "திறந்தா தெரிஞ்சிடும்."

வெள்ளிக்கிழமைதோறும் ஷாமளா வீட்டைத் துடைப்பாள். கம்ப்யூட்டர் மேசைக்கு வந்ததும் துணியைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து அந்த ஸ்டிக்கரை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அடுத்த அறைக்குப் போவாள்.