நீலப் புள்ளி அழிந்த படலம்

வாழ்க அவள். இருபத்தெட்டுப் பல் படைத்தவள். மீதி நான்கும் ஈறென்னும் பாசறைக்குள் உறங்கிக் கிடக்க, புறப்பட்டு வந்தவற்றைக் கொண்டே வகுப்பறைகளைப் பேசி அடக்கியவள். மேல்வரிசையில், அணிவகுப்பில் அடங்காத சிப்பாயைப் போல ஒரு காலை முன்னே வைத்து நிற்கும் கோரைப்பல் ஒன்றைப் பதினைந்து வயது வரை சுமந்து வந்தவள். லிஃப்ட் மெக்கானிக்கின் மகள். சொன்ன சொல்லை எப்படியாவது காப்பாற்றிவிடுகிறவள். அவள் திருவாய் வாழ்க. அதன் உள்ளே நிகழ்ந்த போரைச் சொல்லப் புகுகிறோம்.

பல் டாக்டரம்மாவின் அறையில், சாய்த்து வைத்த நாற்காலியின் மேல், வட்ட விளக்கின் வெண்ணொளியில் போர் முரசு ஒலித்தது. கோரைப்பல்லை அடக்க இரண்டு வழிகள் உண்டு என்றார் டாக்டரம்மா. ஒன்று, பல்லோடு ஒட்டி இறுக்கும் கம்பி. மற்றது, கண்ணாடி போலத் தெளிந்ததும் கழற்றி மாட்டத் தக்கதுமான அலைனர் என்னும் கவசம். மொத்தம் பதினெட்டு ஜோடி, ஜோடிக்குப் பதினான்கு நாள், நாளுக்கு இருபத்திரண்டு மணி நேரம். சாப்பிடவும் பல் தேய்க்கவும் மட்டுமே கழற்றலாம். போல்ட்டையும் நட்டையும் தவிர உலகில் எதையும் நம்பிப் பழகாத தந்தை, "கம்பியே போட்டுடுங்க டாக்டர். கழட்ட முடியற எதுவும் நிக்காது" என்றார்.

அப்போது நாயகி நிமிர்ந்து உட்கார்ந்து, கழுத்தில் கட்டிய காகிதத் துண்டு படபடக்கச் சபதம் உரைத்தாள்.

"இருபத்திரண்டு மணி நேரமும் போடுவேன். யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம். தவறினா கம்பியே போட்டுக்கறேன்."

தந்தை அவளைச் சற்று நேரம் பார்த்தார். புதிதாக ஓடத் தொடங்கிய லிஃப்ட்டில் முதல் ஆளை ஏற்றிவிடும்போது வருகிற முகம் அது. "சரி. உன்னை நம்பறேன்" என்றார். அலைனரின் எடை ஓர் இலையின் எடைதான். கனத்தது அந்தச் சொல்.

முதல் மூன்று ஜோடிகளும் விடுமுறைக் காலத்தில், வீடென்னும் கோட்டைக்குள், வெற்றி மேல் வெற்றியாகக் கழிந்தன. பல் வலித்தது, தாங்கினாள். பிஸ்கட் அழைத்தது, முகம் திருப்பினாள். அவள் பேச்சில் சில எழுத்துகளுக்குப் பின்னால் சிறு காற்றொன்று சீறிக்கொண்டு வந்ததை வீட்டில் எவரும் பொருட்படுத்தவில்லை. நான்காம் ஜோடியோடு பள்ளி திறந்தது. முதல் நாளே பாடத்தை உரக்கப் படிக்க எழுந்தாள். இரண்டு வரி தாண்டவில்லை. எல்லாருடைய சங்கதியையும் எல்லாருக்கும் ஒலிபரப்புவதால் ரேடியோ என்று பெயர் பெற்ற பக்கத்து இருக்கைக்காரி வாய் திறந்தாள்.

"என்னடி, வார்த்தைக்கு வார்த்தை காத்து போகுது. டயர் பஞ்சரா?"

வகுப்பு சிரித்தது. நாயகியும் சிரித்தாள், உதடு பிரியாமல். ரேடியோ அதை மணி அடிப்பதற்குள் மறந்துவிட்டாள். நாயகியால் முடியவில்லை. அவமானம் என்று பேர் வைக்கும் அளவுக்குப் பெரிதல்ல அது; பெரிதாக இருந்திருந்தால் யாரிடமாவது சொல்லியிருப்பாள். சொல்லத் தகுதியில்லாத அளவுக்குச் சிறியதாக இருந்ததால், பல்லிடுக்கில் சிக்கிய நாரைப் போல நாக்கு நாளெல்லாம் அதையே தடவிக்கொண்டிருந்தது.

மறுநாள் முதல் இடைவேளையில் கவசம் களையப்பட்டு டப்பாவுக்குள் சிறை புகுந்தது. மதிய உணவுக்குப் பின் மாட்டிக்கொள்ளலாம் என்றாள். குழாயடியில் கூட்டம், வாய் கொப்பளிப்பதைப் பத்துப் பேர் பார்ப்பார்கள், வீட்டுக்குப் போய் மாட்டிக்கொள்ளலாம் என்றாள். வீட்டில், இன்னும் பத்து நிமிடம் என்றாள். பத்து நிமிடங்கள் எறும்புப் படை போல ஒன்றன்பின் ஒன்றாக வந்து இருபத்திரண்டு மணி நேரக் கோட்டையைத் துகள் துகளாகத் தூக்கிச் சென்றன. மிஞ்சியது உறங்கும் நேரம் மட்டுமே.

ஆனால் ஒவ்வோர் அலைனரின் கடைக்கோடியிலும் கடுகளவு நீலப் புள்ளி ஒன்று ஒற்றனாக அமர்ந்திருந்தது. வாயிலேயே கிடந்தால் நாளுக்கு நாள் வெளுத்துப் பதினான்காம் நாள் மறையும். டப்பாவில் கிடந்தால் அப்படியே இருக்கும். ஐந்தாம் நாள் எடுத்துப் பார்த்தாள். புதிதாய்ப் பிறந்ததைப் போல ஒளி வீசியது. சொன்ன சொல் நினைவுக்கு வந்தது. அதை எப்படியாவது காப்பாற்றியாக வேண்டும். ஈரம்தானே புள்ளியை வெளுக்கிறது, அது வாயின் ஈரமாகத்தான் இருக்க வேண்டுமா என்று சிந்தித்தாள். அன்று முதல் அலைனர் பள்ளிக்கே வரவில்லை. அலமாரியில் அகராதிக்குப் பின்னால், மூடி போட்ட டம்ளரில், வெந்நீரில் வீற்றிருந்தது. காலையில் ஒரு வெந்நீர், பள்ளி விட்டு வந்ததும் ஒரு வெந்நீர், விளக்கேற்றும் நேரத்தில் ஒரு வெந்நீர். மாட்டுவதற்கு எட்டு விநாடி போதும் என்பதை எண்ணிப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

"எதுக்குடி அடிக்கடி வெந்நீர்?" என்றாள் அம்மா.

"தொண்டை கரகரன்னு இருக்கும்மா."

மறுநாள் அம்மா மாத்திரை வாங்கி வந்தாள். நாயகி முகம் கோணாமல் விழுங்கினாள்.

பத்தாம் நாள், இடையில் ஒருமுறை பார்க்க வேண்டுமென்று டாக்டரம்மா அழைத்தார். வேலையை அரை நாள் விட்டுவிட்டுத் தந்தையும் வந்தார். டாக்டரம்மா உறையணிந்த விரல்களால் அலைனரை விளக்கொளியில் உயர்த்திப் பிடித்தார்.

"புள்ளி சுத்தமாப் போயிடுச்சே."

தந்தையின் மீசை விரிந்தது. "சொன்னா சொன்னதுதான் டாக்டர். வீட்ல ஒருத்தரும் ஞாபகப்படுத்தலை."

நாயகி கூரையைப் பார்த்தாள். அங்கே பல்லி கூட இல்லை.

"ஒரு நாளைக்கு இருபத்திரண்டு மணி நேரம் போட்டா பதினாலு நாள் தாங்கற புள்ளி இது" என்றார் டாக்டரம்மா. "இன்னிக்குப் பத்தாவது நாள்தான். கணக்குப் பாத்தா நீ தினம் முப்பது மணி நேரம் போட்டிருக்க." பிறகு அதை அவள் பற்களில் பொருத்தி அழுத்தினார். கோரைப்பல்லின் முனைக்கும் அலைனருக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி. "நீ முப்பது மணி நேரம் போட்டிருக்க. பாவம், பல்லுக்கு அது தெரியல."

தந்தை எழுந்து வந்து குனிந்து பார்த்தார். தரைக்கும் லிஃப்ட்டுக்கும் நடுவே விரற்கடை பிசகினாலும் கண்டுபிடிப்பவர் அவர். திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

"முந்தின ஜோடிக்குத் திரும்பினா இன்னும் காப்பாத்தலாம். இல்ல, கம்பியும் போடலாம். அவளையே கேளுங்க" என்றார் டாக்டரம்மா.

பொய்கள் வரிசை கட்டி நின்றன: காய்ச்சல், கெட்டுப்போன புள்ளி, அளவு தவறிய அலைனர். எல்லாம் நல்ல பொய்கள். ஆனால் கையில் வேலைத் தொப்பியைத் திருப்பிக்கொண்டிருந்த தந்தை நம்பக் காத்திருந்தார். எதைச் சொன்னாலும் நம்புவார். அதுதான் தாங்கவில்லை. அலைனர் வாயில் இருக்க, எழுத்துக்கு எழுத்து காற்றுச் சீறப் பேசினாள்.

"ஸ்கூல்ல கழட்டிடுவேன்பா. பேசினா சத்தம் வருதுன்னு சிரிச்சாங்க. அப்புறம் புள்ளிய வெந்நீர்ல ஊறப் போட்டேன்."

தந்தை தொப்பியைத் திருப்புவதை நிறுத்தினார்.

"எவ்வளவு நேரம் ஊறப் போட்ட?"

"பகல் முழுக்க."

தந்தை யோசித்தார். "அதுக்கு வாயிலயே போட்டிருக்கலாமே."

"ஆமாம்பா."

"மூணாவதே மாட்டுங்க டாக்டர்" என்றார் அவர். "சத்தம் எனக்கும் கேட்டுது. நல்லாத்தான் பேசறா."

அவ்வாறே, கையோடு கொண்டுவந்திருந்த மூன்றாம் ஜோடி டப்பாவிலிருந்து மீண்டெழுந்து, நீரில் நீராடி, மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் டக்கென்ற வெற்றி ஒலியோடு அரியணை ஏற, தோற்றவளும் வென்றவளும் ஒருத்தியே ஆகிய அந்த வீராங்கனை, மறுநாள் காலை ரேடியோவின் பக்கத்தில் அமரப்போவதை எண்ணியும் கவசத்தைக் கழற்றாமல், தந்தையின் பின்னே மாடிப்படி இறங்கி, மாலை வெயில் சாய்ந்த பெருந்தெருவைக் கடந்து சென்றாள்.

பஸ் நிறுத்தத்தில் அப்பா கடலைப் பொட்டலத்தை நீட்டினார், அவள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறேன் என்றாள்.