ரைட்டர் வீட்டுப் பலகையில் ஒரு வளைந்த மீன்

நான் சேலத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். தண்ணீர் உறைந்தால் என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் "ஏய்யா, உனக்கு அறிவில்லையா?" என்று நீங்கள் கேட்கும்போது, இருக்கிறது, அதற்குச் சான்றிதழும் இருக்கிறது என்று காட்ட உதவும்.

என் மனைவி ஸ்டெல்லாவின் ஊர் ஏற்காடு. என் மாமனார் அங்கே ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் நடுவில் ஒண்டிக்கடை முக்கில் நின்று "ரைட்டரய்யா ஊடு" என்று கேட்டால் போதும், எந்த ஜீப்பும் கொண்டுபோய் வாசலில் விட்டுவிடும். எங்களுடையது காதல் கல்யாணம். அவர் மறுக்கவில்லை. சர்ச்சில் முன்வரிசையில் நின்றார், பந்தியில் நின்று பிரியாணியும் பரிமாறினார். ஆனால் என்னை மட்டும் "சார்" என்றுதான் கூப்பிட்டார். "வாங்க சார்." "காப்பி எடுத்துக்குங்க சார்." சொந்த மாமனார் ஐயா! மாமியார் முதல் நாளே "மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டார். எதிர்வீட்டு நாய்கூட என்னைக் கண்டால் வாலாட்ட ஆரம்பித்துவிட்டது. இவருக்கு மட்டும் நான் ஏதோ ஆய்வுக்கு வந்த அதிகாரி.

அவர் மனதில் இடம் பிடிக்க ஒரே வழிதான் இருந்தது. கூடத்தில் தொங்கிய பலகை.

அது சில்வர் ஓக் மரத்தில் இழைத்த நீளமான பலகை. மாமனார் வாலிபத்தில் ஊட்டிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் வேலை பார்த்தபோது, ஓடையில் ஒரு டிரவுட் மீன் பிடித்திருக்கிறார். அங்கே தூண்டில் போடுகிறவர்கள், பெரிய மீன் கிடைத்தால் அதைப் பலகையில் கிடத்தி, சுற்றிக் கோடு இழுத்து வைப்பார்களாம். மீன் குழம்பாகப் போனாலும் அதன் அளவு பலகையில் நிற்கும். மாமனார் அந்தப் பழக்கத்தை மூட்டை முடிச்சோடு ஏற்காட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். சாக்பீஸால் கோடு போட்டு, அதன்மேல் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுடுவார். உச்சியில் அந்த டிரவுட், அதற்குக் கீழே ஏற்காட்டில் பிடித்த கெண்டைகள், ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் பிடித்தவர் பெயர். அடியில் இன்னும் ஒரு மீனுக்குத்தான் இடம் இருந்தது.

பலகைக்குச் சட்டமும் உண்டு. சாக்பீஸ் அவர் கையில்தான் இருக்க வேண்டும். வீட்டு ஆள் அல்லாத ஒரு சாட்சி பக்கத்தில் நிற்க வேண்டும். போட்டோ செல்லாது. (ஒருமுறை நான் என் போனில் இருந்த மீன் படத்தைக் காட்டினேன். மீனைக் கேமராவுக்கு முன்னால் எட்டி நீட்டிப் பிடித்து எடுத்த படம். "கை நொம்ப நீளமுங்க சாருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.)

ஒரு சனிக்கிழமை நானும் ஸ்டெல்லாவும் ஏற்காட்டுக்குப் போனபோது, மாமனார் கண் பரிசோதனைக்காகச் சேலம் போயிருந்தார். இரவு தங்கை வீட்டில் தங்கிவிட்டு ஞாயிறு மதியம் வருவதாக ஏற்பாடு. நான் அவருடைய தூண்டிலை எடுத்துக்கொண்டு, செம்மநத்தம் போகும் வழியில் அவருக்குப் பழக்கமான எஸ்டேட் குளத்துக்குப் போனேன். கடலைப் புண்ணாக்கும் மைதாவும் பிசைந்த உருண்டையை முள்ளில் குத்திப் போட்டுவிட்டு, வழக்கம்போல் கொசுவுக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று கோல் என் கையை விட்டுப் போகப் பார்த்தது. அதன்பிறகு நடந்ததை வீரமாகச் சொல்ல ஆசைதான். உண்மையில் நான் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன், செருப்பு ஒன்று குளத்துக்குள் போய்விட்டது, "ஆத்தா, அம்மா, மாதாவே" என்று சகல மதத்தையும் துணைக்கு அழைத்தேன். ஆனாலும் மீன் கரைக்கு வந்துவிட்டது. ரோகு! பலகையில் இருந்த எந்த மீனையும்விட நீளம். அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு நடந்தேன். வழியில் போன பஸ்ஸின் ஜன்னல்களில் எல்லாம் தலைகள். பார்க்கட்டும் என்று மீனை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தேன்.

மாமியார் பார்த்ததும் கன்னத்தில் கை வைத்தார். "ஏனுங்க மாப்பிள்ளை, இத்தா பெருசு! சுத்தம் பண்ணித் துண்டு போட்டு வெச்சிரட்டுங்களா?"

"துண்டா!" என்று நான் அலறிய அலறலில் அவர் கையில் இருந்த அரிவாள்மணை கீழே விழுந்தது. "மாமா வந்து கோடு போடற வரைக்கும் இதை யாரும் தொடக்கூடாதுங்க அத்தை."

"அப்ப நீட்டா ஒரு தாம்பாளத்துல வெச்சு, சுத்தியும் ஐஸ் போட்டு வெய்யிங்க. நாளைக்கு வரைக்கும் தாங்கும்" என்றாள் ஸ்டெல்லா.

நல்ல யோசனை. மனைவி சொன்ன யோசனை. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. அழுகல் எப்படி ஏற்படுகிறது, எந்த வெப்பநிலையில் நிற்கிறது என்று அடுப்படியில் நின்றே ஒரு பாடம் எடுத்தேன். ஃப்ரீசரில்தான் வைக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னேன்.

அவர்கள் வீட்டில் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். ஃப்ரீசர் என்பது ஒரு சின்னப் பெட்டி. மாமியார் துருவி வைத்திருந்த தேங்காயை வெளியே எடுத்தேன், ஐஸ் தட்டை எடுத்தேன், மீனை நேராக வைத்துப் பார்த்தேன், குறுக்காக வைத்துப் பார்த்தேன். கடைசியில் தலையும் வாலும் கிட்டத்தட்டத் தொட்டுக்கொள்ளும்படி மெதுவாக வளைத்தேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. என் கைகளை நானே மெச்சிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

மறுநாள் மதியம் மாமனார் ஜீப்பில் வந்து இறங்கினார். அதே ஜீப்பில்தான் நாங்கள் சேலம் திரும்ப வேண்டும். திங்கட்கிழமை எனக்குப் பள்ளி. டிரைவர் மாதேஷையே சாட்சியாக உள்ளே கூட்டிக்கொண்டு வந்தேன்.

"மாமா, பலகைக்கு ஒரு ஆள் வந்திருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு ஃப்ரீசரைத் திறந்தேன்.

மீன் பெட்டியின் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தோசைக் கரண்டியால் நெம்பி எடுத்தேன். வெளியே வந்தது மீன் இல்லை. செதில் வைத்த ஒரு பெரிய முந்திரிப் பருப்பு.

ஸ்டெல்லா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒரு நிமிஷத்துல நேராயிருமுங்க" என்றேன். வெயிலில் வைக்கலாம் என்று முற்றத்துக்கு ஓடினேன். ஏற்காட்டில் அன்று எதிர்வீடே தெரியாத பனி. திரும்ப ஓடிவந்து குளியலறையில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றினேன். மேல்தோல் வெந்து, வீடு முழுக்கக் குழம்பு வாசனை கிளம்பியது. உள்ளே எலும்பு வரைக்கும் இன்னும் கல்தான். அடுத்து அம்மிக் குழவியை எடுத்து அதன்மேல் வைத்தேன். அது உருண்டு என் காலில் விழுந்தது.

"விட்ருங்க மாப்பிள்ளை. அது தானா உருகட்டும்" என்றார் மாமியார்.

உருகும் வரை நிற்க நேரம் இல்லையே! ஜீப் நிற்கிறது, மாமனார் சாக்பீஸோடு நிற்கிறார், என் வாழ்நாள் மானம் நிற்கிறது. மீனின் தலையை ஒரு கையிலும் வாலை மறு கையிலும் பிடித்து, நடுவில் முழங்காலைக் கொடுத்து, விறகு உடைக்கிற மாதிரி ஓர் அழுத்து அழுத்தினேன்.

டப்!

மீன் வளைந்தபடியே இருந்தது. வால் மட்டும் பிய்ந்து, பறந்து போய் மாமனாரின் காலடியில் விழுந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய மீனைப் பிடித்தும், கடைசியில் இந்த மனிதர் முன்னால் வால் பிய்ந்த மீனோடு கோமாளியாகத்தான் நிற்கிறேன் என்று வெட்கமாக இருந்தது.

மாமனார் குனிந்து வாலை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்டெல்லா, பலகைய எறக்கு கண்ணு."

"வேண்டாமுங்க மாமா" என்றேன்.

"மீன் பலகைக்கு எப்படி வருதோ அப்படித்தான் கோடு" என்றவர், பலகையைத் தரையில் போட்டு, அடியில் இருந்த கடைசி இடத்தில் மீனைக் கிடத்தினார். வாலை அதன் இடத்தில் பொருத்தி வைத்தார். முந்தின நாள் கண்ணில் விட்ட மருந்து இன்னும் தெளியாததால் மூக்கு பலகையில் உரசுகிற அளவுக்குக் குனிந்து, ஒரு வளைவைக்கூட விடாமல் கோடு இழுத்தார்.

மாதேஷ் எட்டிப் பார்த்தான். "ரைட்டரய்யா, மேல எல்லாம் மீனா இருக்குதுங்க. கீழ எதுக்குங்க முந்திரி? யாருங்க புடிச்சது இத?"

மாமனார் நிமிரவே இல்லை. "எங்க மாப்பிள்ளைடா" என்றார்.

அடுப்படியில் மாமியார் கரண்டியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் என் வீங்கிய கால் விரலைப் பார்த்துக்கொண்டேன். சொன்னவருக்கு மட்டும், என்ன சொன்னோம் என்று தெரிந்த மாதிரியே இல்லை. அடுப்பில் கம்பியைக் காய்ச்சுவதில் மும்முரமாகிவிட்டார்.

அதற்குப்பின் கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு விருந்தாளிக்கும் பலகை காட்டப்படுகிறது. டிரவுட் கதை சுருக்கமாகத்தான் வரும். முந்திரிக் கதைக்கு மாமனார் முழங்காலைத் தூக்கி நடித்துக் காட்டுவார், "டப்" என்ற சத்தத்தோடு. பாயசம் ஊற்றும்போது மாமியார் என் கிண்ணத்தில் மட்டும் ஒரு முந்திரி அதிகம் போட்டு, "உங்க மீனுங்க" என்பார்.

போன வருஷம் அதே குளத்தில் அதைவிடப் பெரிய ரோகு ஒன்று பிடித்தேன். இந்த முறை புத்தி வந்து, ஈரச் சாக்கில் நீட்டிக் கிடத்தி, துளி வளையாமல் கொண்டுவந்தேன். பலகையில் இடம் இல்லை, புதுப் பலகை ஒன்று இழைக்கலாமா என்று கேட்டேன்.

மாமனார் மீனைத் தலையிலிருந்து வால் வரைக்கும் பார்த்தார்.

"நேரா மீன் புடிக்க ஊருல ஆயிரம் பேர் இருக்காங்க. இதுக்கெதுக்குங்க பலகை? கொழம்புக்குக் குடுங்க மாப்பிள்ளை."