மாடியில் டெத் மெட்டல்

"அண்ணாச்சி, மேல யாரையோ கழுத்த நெரிக்குதாவ. என்னன்னு போய்ப் பாருங்க."

ஐந்தாம் நம்பர் அறை உலகம்மை வந்து நின்றபோது, லாட்ஜ் மேனேஜர் முத்துராஜ் அப்போதுதான் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்திருந்தார்.

மாடியிலிருந்து "க்ர்ர்ர்ஹாஆ" என்று ஓர் உறுமல் இறங்கி வந்தது. அவருக்குக் காரணம் தெரியும். தென்காசிப் பெண் ஷஹானா, டெத் மெட்டல் என்ற சங்கீதத்தைப் பற்றி டாகுமெண்டரி எடுக்கத் தன் ஆட்களோடு அறை போட்டிருந்தாள். சங்கீதம் என்றதும் தலையாட்டிவிட்டார். தொண்டைக்குள்ளிருந்து உறுமுவதுதான் பாட்டு என்பதைச் சாவி வாங்கிய பிறகுதான் சொன்னாள். படப்பிடிப்பு முடியும் நான்கு மணி வரை கதவைத் தட்டுவதில்லை என்று அவர் வாக்கும் கொடுத்தாயிற்று. அவள் போனும் அணைந்திருந்தது.

குற்றாலத்தில் சாரல் சீசன். இப்போது அறைகள் காலியானால் முதலாளி அவரையும் காலி செய்துவிடுவார்.

"ஒண்ணுமில்லம்மா. எண்ணெய் தேய்க்குதாவ. நரம்பு எடுக்கும்போது அப்படித்தான் கத்துவாவ."

பத்து நிமிஷத்தில், எண்ணெய் தேய்த்துவிடும் சுடலைக்கண்ணு கையில் எண்ணெய் வடிய வந்தார்.

"என்ன மேனேஜரு, துண்டு கட்டி உக்காந்திருந்த நாலு பேரு எந்திரிச்சு ஓடிட்டானுவ. நான் நரம்பப் பிடுங்குதேன்னு எவன் சொன்னது?"

"அது ஒங்கள இல்ல அண்ணாச்சி. மேல படத்துக்குக் கரடிச் சத்தம் போடுதாவ."

சுடலைக்கண்ணு சமாதானமானார். போகிற வழியெல்லாம், "சத்தம் நான் இல்லப்பா, கரடி" என்று சொல்லிக்கொண்டே போனார்.

அரைமணி நேரத்தில் வனத்துறை ஆட்கள் இரண்டு பேர் வலையோடு வந்து இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் பெட்டி படுக்கையோடு ஆறு குடும்பங்கள், சாவியைத் திருப்பிக் கொடுக்க நின்றன.

"கரடி எந்த ரூம்ல இருக்கு?"

முத்துராஜுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "கரடியும் இல்ல, கழுதையும் இல்ல சார். டெத் மெட்டல்."

"டெத்தா?" என்று வனக்காவலர் போலீசுக்குப் போன் போட்டார்.

வாக்காவது ஒன்றாவது. முத்துராஜ் மாடிக்கு ஓடிக் கதவைத் தட்டு தட்டென்று தட்டினார். ஷஹானா திறந்தாள். காதில் ஹெட்போன்.

"நிறுத்தும்மா ஒம் பாட்ட. லாட்ஜே காலியாவுது."

அவள் உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவா, அண்ணாச்சி. பாட்டுக்காரங்க வார பஸ்ஸு இன்னும் பாவூர்சத்திரமே தாண்டல. நாங்க சும்மா இருக்க வேண்டாமேன்னு பக்கத்து ரூம்காரரு குறட்டைய ரெக்கார்டு பண்ணிக்கிட்டு இருக்கோம்."